மீதி 3 வோல்ற்று எங்கே போனது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்றுக்கு இரண்டு 1 மெகா ஓம் தடையிகளைத் தொடராக இணைத்திருக்கிறீர்கள். பற்றரியின் முனைகளில் உங்கள் சிறிய டிஜிற்றல் மீற்றர் 9.2 வோல்ற்று காட்டுகிறது. சம தடையிகள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 4.6 வர வேண்டும். வந்ததோ ஒன்றில் 3.06, மற்றதில் 3.07; கூட்டினால் 6.13 தான், மீதி 3 வோல்ற்றைக் காணவில்லை. பள்ளிக்கூடத்து முள் மீற்றரை 10 வோல்ற்று வீச்சில் வைத்துப் பார்த்தபோது 1.3 மட்டுமே. பற்றரியில் எவ்வளவு மின்னோட்டம் இருக்கிறது என்று அறிய மில்லி அம்பியர் வீச்சில் வைத்து அதன் இரு முனைகளையும் தொட்டபோது சிறு பொறி பறந்தது. அதன் பிறகு ஓட்டம் அளக்கப் போனால் எப்போதும் பூச்சியம். மீற்றர் பழுதா, தடையி பழுதா, ஓம் விதி (வோல்ற்று = ஓட்டம் × தடை) பெரிய தடைகளுக்குப் பொருந்தாதா, செயன்முறைப் பதிவேட்டில் 4.6 என்றே எழுதிவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். உண்மையில் இவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மீற்றரைத் தொடுக்கும்போது சுற்றுக்கு என்ன நடக்கிறது?

வோல்ற்றுமானியும் ஒரு தடையிதான். அதன் இரு முனைகளுக்கும் இடையே ஏதோ ஒரு தடை இருக்கிறது. அதனூடாகச் சிறிதளவு ஓட்டம் போனால்தான் அது வாசிப்புக் காட்டும். சந்தையில் அதிகம் காணப்படும் 830 வகை மஞ்சள் அல்லது கறுப்பு நிறச் சிறிய மீற்றர்களில் நேரோட்ட வோல்ற்று வீச்சுகள் எல்லாவற்றிலும் இந்தத் தடை ஏறத்தாழ 1 மெகா ஓம். அதை உங்கள் 1 மெகா ஓம் தடையிக்குக் குறுக்கே வைத்தவுடன் இரண்டும் சமாந்தரமாகி 0.5 மெகா ஓம் ஆகின்றன. இப்போது சுற்றில் தொடராக இருப்பவை 0.5 உம் 1 உம். 9.2 இல் மூன்றில் ஒரு பங்கு 3.07. மீற்றர் காட்டியது அதைத்தான். மீற்றரை எடுத்து அடுத்த தடையிக்கு மாற்றும்போது முதல் தடையி பழைய நிலைக்குத் திரும்புகிறது, இரண்டாவது சுருங்குகிறது, மறுபடியும் 3.07. ஆகவே நீங்கள் கூட்டிப் பார்த்த இரண்டு வாசிப்புகளும் ஒரே சுற்றுக்கு உரியவை அல்ல. வேறு வேறு இரண்டு சுற்றுகளில் இருந்து ஒவ்வொரு வாசிப்பை எடுத்துக் கூட்டினால் 9.2 வர வேண்டிய கட்டாயம் இல்லை. 3 வோல்ற்று எங்கும் தொலையவில்லை. அளக்கும் அந்தக் கணத்தில் அது மற்றத் தடையிக்குக் குறுக்கே இருந்தது, அங்கே 6.13.

முள் மீற்றரின் 1.3 உம் இதே கணக்குத்தான். பல முள் மீற்றர்களின் முகப்பில் ஒரு மூலையில் வோல்ற்றுக்கு 20 கிலோ ஓம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். 10 வோல்ற்று வீச்சில் அதன் தடை 200 கிலோ ஓம். அது 1 மெகா ஓமுடன் சமாந்தரமானால் ஏறத்தாழ 167 கிலோ ஓம். அதற்குக் குறுக்கே வருவது 1.31 வோல்ற்று. அதே மீற்றரை 50 வோல்ற்று வீச்சுக்கு மாற்றினால் தடை 1 மெகா ஓமாக உயர்ந்து வாசிப்பு 3 க்கு ஏறும். வீச்சை மாற்றியவுடன் ஒரே புள்ளியின் வாசிப்பு இப்படிப் பெரிதாக மாறுகிறது என்றால், மீற்றர் சுற்றைக் குழப்புகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

உங்கள் மீற்றரின் மாதிரியை நீங்கள் எழுதவில்லை. 1 மெகா ஓம் என்பதை வாசிப்பில் இருந்து பின்னோக்கிக் கணித்தேன். நீங்களே சோதித்து உறுதிப்படுத்தலாம். பற்றரியின் நேர் முனையில் ஒரு 1 மெகா ஓம் தடையியின் ஒரு காலை இணையுங்கள். மற்றக் காலில் மீற்றரின் சிவப்பு வயரையும், பற்றரியின் மறை முனையில் கறுப்பு வயரையும் வையுங்கள். வேறு எதுவும் வேண்டாம். 4.6 காட்டினால் மீற்றரின் தடை 1 மெகா ஓம். 8.36 அளவில் காட்டினால் 10 மெகா ஓம்; விலை கூடிய டிஜிற்றல் மீற்றர்கள் பெரும்பாலும் இந்த வகை. முள் மீற்றரை 10 வோல்ற்று வீச்சில் வைத்தால் 1.5 அளவில் வரும். கிடைக்கும் வாசிப்பை மீற்றரின் பின்புறத்தில் ஒரு துண்டு ஒட்டி எழுதி வைப்பது பின்னர் பலமுறை உதவும்.

மற்றக் காரணங்களை ஏன் விலக்குகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். கபிலம், கறுப்பு, பச்சை, பொன் வளையங்கள் கொண்ட தடையி 1 மெகா ஓம், 5 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். மிக மோசமான நிலையில் ஒன்று 0.95, மற்றது 1.05 என்று வைத்தாலும் வாசிப்புகள் 4.37 உம் 4.83 உம் ஆக இருக்கும், கூட்டினால் 9.2 வந்தே தீரும். 3.07 க்கு அது காரணமாகாது. பற்றரிக்கு உள்ளேயே இருக்கும் தடையான அகத்தடையும் காரணம் அல்ல. உங்கள் சுற்றில் ஓடுவது வெறும் 4.6 மைக்ரோ அம்பியர். அகத்தடை 30 ஓம் என்று வைத்தாலும் அதில் இழக்கப்படுவது 0.14 மில்லி வோல்ற்று. மீற்றருக்குள் இருக்கும் பற்றரி தேய்ந்திருந்தால் மலிவான மீற்றர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். உங்களுடையது குறைவாகக் காட்டியதால் அதுவும் பொருந்தவில்லை. ஓம் விதியில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அந்த விதியைக் கண்ட ஓம் என்பவரே 1825 இல் முதலில் வெளியிட்ட சூத்திரம் சரியாக அமையவில்லை. அவர் பயன்படுத்திய கலங்கள் அளக்க அளக்க மாறிக்கொண்டிருந்தன. பின்னர் வெப்பநிலை வேறுபாட்டால் மின் தரும் வெப்ப இணையை மின்முதலாகக் கொண்டு அளந்த பிறகே சரியான தொடர்பு 1826 இல் கிடைத்தது. அளக்கும் ஏற்பாடு சுற்றுடன் கலந்துவிடும் தொல்லை அந்த அளவுக்குப் பழையது.

எப்போது இதைப் பொருட்படுத்த வேண்டும், எப்போது விட்டுவிடலாம்? நீங்கள் அளக்கும் இரு புள்ளிகளில் இருந்து சுற்றுக்குள் பார்த்தால் தெரியும் தடையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் சுற்றின் நடுப்புள்ளியில் அது இரண்டு 1 மெகா ஓம் சமாந்தரமாக, அதாவது 0.5 மெகா ஓம். அதை, அதனுடன் மீற்றரின் தடையையும் கூட்டிய தொகையால் வகுத்தால் வழு, அதாவது வாசிப்பு எந்தப் பங்கு குறையும் என்பது, கிடைக்கும்: 0.5 ஐ 1.5 ஆல் வகுக்க மூன்றில் ஒரு பங்கு. 10 மெகா ஓம் மீற்றர் என்றால் 0.5 ஐ 10.5 ஆல் வகுக்க 4.8 சதவீதம், வாசிப்பு 4.38. நல்ல மீற்றரிலும் குறைவாகத்தான் வரும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு 1 கிலோ ஓம் தடையிகளை வைத்திருந்தால் 1 மெகா ஓம் மீற்றரிலேயே வழு 0.05 சதவீதம், கண்ணில் படாது. மீற்றரின் தடை நூறு மடங்காவது பெரிதாக இருந்தால் 1 சதவீதத்துக்குள் நிற்கலாம். பயிற்சிக்கு 9 வோல்ற்றுடன் 470 ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையான தடையிகளை எடுங்கள். அவற்றில் கணக்கும் வாசிப்பும் ஒத்துப்போகும், பற்றரியும் விரைவில் இறங்காது.

ஆனாலும் 1 மெகா ஓம் சுற்றையே சரியாக அளக்க வேண்டுமானால் வழி இருக்கிறது. இதைச் செய்து பார்க்கும்படி வற்புறுத்துவேன். 10 கிலோ ஓம் மாறுந்தடையி ஒன்றை வாங்குங்கள், வானொலியின் ஒலிக்குமிழுக்குப் போடுவது போன்றது, ஆனால் நேர்கோட்டு வகை. அதன் இரு ஓரக் கால்களையும் அதே பற்றரியின் இரு முனைகளுக்கு இணையுங்கள். நடுக் காலுக்கும் உங்கள் இரண்டு தடையிகளின் நடுப்புள்ளிக்கும் இடையே மீற்றரை வையுங்கள். முதலில் 20 வோல்ற்று வீச்சு, குமிழைத் திருப்பி வாசிப்பைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பின் 200 மில்லி வோல்ற்று வீச்சு. சாதாரண மாறுந்தடையியில் ஒரு பாகை திரும்பினாலே 30 மில்லி வோல்ற்றுக்கு மேல் மாறும் என்பதால் முற்றான பூச்சியம் கிடைப்பது கடினம். 20 மில்லி வோல்ற்றுக்குள் வந்தால் போதும். இப்போது குமிழைத் தொடாமல், மீற்றரை நடுக் காலுக்கும் மறை முனைக்கும் இடையே மாற்றுங்கள். 4.6 காட்டும். பூச்சியம் காட்டியபோது மீற்றரூடாக ஓட்டம் இல்லை. ஆகவே நடுப்புள்ளி குழம்பவில்லை. பின்னர் அளந்தது மாறுந்தடையியை. அதன் பக்கம் தடை அதிகமானால் 2.5 கிலோ ஓம்தான், மீற்றரை எளிதில் தாங்கும். உயர்தர வகுப்பில் அழுத்தமானி என்னும் நீண்ட கம்பிக் கருவியைக் கொண்டு கலங்களின் மின்னியக்க விசைகளை ஒப்பிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்: கம்பியின் சமநிலை நீளத்தில், மிகச் சிறிய ஓட்டத்தையும் காட்டும் கல்வனோமானி பூச்சியம் காட்டும்போது கலத்தில் இருந்து ஓட்டம் எடுக்கப்படுவதில்லை. அந்த நீண்ட கம்பியும் வழுக்கும் சாவியும் எதற்கு என்று பலர் தெரியாமலே செய்முறையை மனப்பாடம் செய்கிறார்கள். 1 மெகா ஓம் சுற்றில் ஒருமுறை ஏமாந்தவர் அதை மறக்கமாட்டார்.

இனி ஓட்டம். மில்லி அம்பியர் வீச்சில் பூச்சியம் வந்தது என்பதை மட்டும் வைத்து மீற்றர் பழுது என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் சுற்றில் 4.6 மைக்ரோ அம்பியர். 20 மில்லி அம்பியர் வீச்சில் கடைசி இலக்கம் 10 மைக்ரோ அம்பியரைக் குறிக்கும். பழுதில்லாத மீற்றரும் 0.00 என்றே காட்டும். ஆனால் பொறி பறந்தது என்று எழுதியிருப்பதால் பியூஸ் எரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். வோல்ற்றுமானி பெரிய தடையாக இருப்பது போல, அம்பியர்மானி மிகச் சிறிய தடை. 830 வகை மீற்றரில் 200 மில்லி அம்பியர் வீச்சுக்கு 1 ஓம், 20 மில்லி அம்பியர் வீச்சுக்கு 10 ஓம் அளவு. அதைப் பற்றரிக்கு நேரே குறுக்கே வைப்பது குறுஞ்சுற்றுக்குச் சமம். 200 மில்லி அம்பியர் பியூஸ் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். பற்றரியில் ஓட்டம் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. எவ்வளவு ஓடும் என்பதைச் சுற்றின் தடை தீர்மானிக்கிறது. எனவே பற்றரியின் ஓட்டத்தை அளப்பது என்று ஒரு அளவீடு இல்லை.

சோதிப்பது எளிது. சிவப்பு எல்ஈடி ஒன்றையும் 470 ஓம் தடையி ஒன்றையும் தொடராகப் பற்றரிக்கு இணைத்து எரிகிறதா என்று பாருங்கள். எல்ஈடியின் நீண்ட கால் நேர்ப் பக்கம். பின்னர் ஓரிடத்தில் சுற்றை வெட்டி, 200 மில்லி அம்பியர் வீச்சில் மீற்றரை அந்த இடைவெளியில் நுழையுங்கள். பழுதில்லை என்றால் எல்ஈடி எரியும், வாசிப்பு 15 மில்லி அம்பியர் அளவில் வரும். எரியாவிட்டால் மீற்றருக்குள் பாதை அறுந்திருக்கிறது. வயர்களைச் சுற்றில் இருந்து கழற்றி, பின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பற்றரியையும் எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பியூஸைப் பாருங்கள். உள்ளிருக்கும் இழை அறுந்திருப்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் அதே எல்ஈடிச் சுற்றின் இடைவெளியில் பியூஸை வைத்துப் பாருங்கள். ரோச் குமிழுடன் சோதிக்க வேண்டாம், குமிழ் எடுக்கும் ஓட்டமே நல்ல பியூஸை எரித்துவிடும். புதியதை வாங்கும்போது பழையதன் உலோக முனையில் பொறித்திருக்கும் அம்பியரையும் வோல்ற்றையும் பார்த்து அதே பெறுமானத்தை வாங்குங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிப் போட்டால் அடுத்த தவறில் எரிவது உள்ளே இருக்கும் சிறிய தடையி. அதன் பிறகு மீற்றர் காட்டும் ஓட்டத்தை நம்ப முடியாது. இப்போதே அந்தத் தடையியும் எரிந்திருக்கிறதா என்பதைத் திறந்து பார்க்காமல் சொல்ல இயலாது. பியூஸ் மாற்றிய பின் வாசிப்பு 15 இல் இருந்து பெரிதும் விலகினால் அப்படி என்று கொள்ளலாம்.

10 அம்பியர் துவாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. மலிவான மீற்றர்களில் அதற்குப் பியூஸ் இல்லை. சிவப்பு வயர் அந்தத் துவாரத்தில் இருக்கும்போது மோட்டார் சைக்கிள் அல்லது முச்சக்கர வண்டியின் 12 வோல்ற்றுப் பற்றரியில் தொட்டால் வயர் கையிலேயே உருகும். வீட்டு 230 வோல்ற்று வழங்கலை இந்த மீற்றரால் அளக்கப் போக வேண்டாம், எந்த வீச்சிலும். ஓட்டம் அளந்து முடிந்தவுடன் சிவப்பு வயரையும் குமிழையும் வோல்ற்றுக்கு மாற்றிவிடுங்கள். எரியும் பியூஸ்களில் பல மாற்ற மறந்தவர்களால் எரிபவை.

ஓட்டத்தை அம்பியர்மானி இல்லாமலே அளப்பது பல வேளைகளில் மேலானது. எல்ஈடிச் சுற்றில் 470 ஓம் தடையிக்குக் குறுக்கே வோல்ற்றை அளந்து 470 ஆல் வகுங்கள்; 7.3 வோல்ற்று என்றால் 15.5 மில்லி அம்பியர். அங்கே 1 மெகா ஓம் மீற்றர் ஒரு பாரமே இல்லை. இதன் அருமை குறைந்த வோல்ற்றில்தான் தெரியும். இரண்டு உலர்கலங்கள் சேர்ந்து 3.1 வோல்ற்று, எல்ஈடியில் 1.9, மீதி 1.2 வோல்ற்று 100 ஓமில்: 12 மில்லி அம்பியர். 20 மில்லி அம்பியர் வீச்சில் அம்பியர்மானியை நுழைத்தால் அதன் 10 ஓமும் சேர்ந்து வாசிப்பு 11 க்கு இறங்கிவிடும், வெளிச்சமும் சற்று மங்கும். 200 மில்லி அம்பியர் வீச்சில் 11.9. கடைசி இலக்கம் சற்று முரடானாலும் பெரிய வீச்சே உண்மைக்கு அருகில் நிற்கிறது. சிறிய வீச்சுத்தான் திருத்தமானது என்று சொல்லிக்கொடுக்கப்படுவது வோல்ற்றுக்குப் பெரும்பாலும் சரி. ஓட்டத்துக்கு அது எல்லா வேளையிலும் சரியாக இருக்காது.

உங்கள் 4.6 மைக்ரோ அம்பியரையும் இப்படியே பிடிக்கலாம். இரண்டு 1 மெகா ஓமுடன் மூன்றாவதாக ஒரு 1 கிலோ ஓம் தடையியைத் தொடராகச் சேருங்கள். மொத்தத் தடை 0.05 சதவீதம்தான் கூடும். அதற்குக் குறுக்கே 200 மில்லி வோல்ற்று வீச்சில் 4.6 என்று காட்டும். ஒவ்வொரு மில்லி வோல்ற்றும் ஒரு மைக்ரோ அம்பியர். நண்பரின் மீற்றர் ஒன்று கிடைத்தால் இதை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாவது மீற்றரை ஒரு 1 மெகா ஓமுக்குக் குறுக்கே தொடுங்கள். 4.6 உடனே 6.1 ஆக எகிறும், எடுத்தால் மறுபடி 4.6. வோல்ற்றுமானி ஓட்டம் எடுக்கிறது என்பதை இதைவிட நேரடியாகக் காட்டும் செயன்முறை எனக்குத் தெரியவில்லை.

தடையிகளை ஓம் வீச்சில் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் சுற்றில் இருந்து ஒரு காலையாவது கழற்றுங்கள். பற்றரி இணைந்திருக்கும்போது ஓம் வீச்சு காட்டுவது எதுவும் பொருளற்றது. 1 மெகா ஓமை அளக்கும்போது இரு கைவிரல்களாலும் இரு கால்களையும் பிடிக்காதீர்கள். உடலின் தடையும் சமாந்தரமாகச் சேரும். சித்திரை வெயிலில் வியர்த்த கைகள் என்றால் சில நூறு கிலோ ஓமுக்கே இறங்கலாம். சிறிய தடைகளில் சிக்கல் வேறு. வயர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3 அல்லது 0.5 ஓமை ஒவ்வொரு வாசிப்பில் இருந்தும் கழிக்க வேண்டும். குருநகர், ஊர்காவற்றுறை போலக் கடலை ஒட்டிய இடங்களில் வைத்திருக்கும் மீற்றர் வயர்களிலும், உறுப்புகளைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப்பலகையான பிரெட்போர்ட்டின் துளைகளிலும் உப்புக்காற்றால் கறள் பிடிப்பது விரைவு; வயரை அசைக்க வாசிப்பு துள்ளினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். முனைகளை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, பிரெட்போர்ட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். நீளமான பிரெட்போர்ட்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்வழங்கல் வரிசை நடுவில் அறுந்திருக்கும். அதை ஒரு துண்டு வயரால் இணைக்காமல் சுற்று வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

பதிவேட்டில் 4.6 என்று எழுத வேண்டாம். நீங்கள் கண்டது 3.06 உம் 3.07 உம், அவற்றையே எழுதுங்கள். பக்கத்தில் மீற்றரின் வீச்சு, சோதித்துக் கண்ட அதன் தடை, பற்றரியின் 9.2, முள் மீற்றரின் 1.3 எல்லாவற்றையும் குறியுங்கள். அதற்குக் கீழே சமாந்தரத் தடையைக் கணித்து, எதிர்பார்க்கும் வாசிப்பு 3.07 என்று காட்டுங்கள். மாறுந்தடையியை வைத்து எடுத்த பூச்சிய முறை வாசிப்பை அதன் பின் தனி வரிசையில், எத்தனை மில்லி வோல்ற்றுக்குள் பூச்சியம் பிடித்தீர்கள் என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.